ராயப்பரின் வலது கால்

காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டுங்க சார். இடம் பத்தாமச் சொல்லலை. உங்க இடது செருப்புல வார் விட்டுக்கிட்டு நிக்கி, பஸ் ஏறுனதுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு வாரேன். வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். எனக்கு ஆளைக் கண்டா கண்ணு முதல்ல கீழதான் போவும். மூஞ்சியெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது. காலைக் காட்டினா, இவரு போன தீவாளிக்கு நம்ம கடையில எட்டாம் நம்பர் எடுத்தவருன்னு சொல்லிருவேன்.

சூசைப்பட்டினத்துல கோயில் முக்குல செருப்புக்கடை வச்சிருக்கேன். என் பேரு இன்னாசி. கடைப் பேரு ராயப்பர் காலணியகம். பைபிள்ல பேதுருன்னு போட்டிருக்கும், சேசுவோட சீடர்ல முத ஆளு, அவரைத்தான் எங்க பக்கத்துக் கத்தோலிக்கருவ ராயப்பர்னு சொல்லுவோம். இன்னாசி கடைக்கு எதுக்கு ராயப்பர் பேருன்னு நீங்க கேக்கணும். எல்லாரும் கேப்பாவ, நீங்க கேக்க மாட்டேங்கிய. நானே சொல்லுதேன், எங்க ஊர்ல ராயப்பர் நான்தான். போன வருசம் வரைக்கும் நான்தான். அதுதான் சார் எனக்கு வயித்தெரிச்சல்.

நீங்க எங்க ஆளு இல்லைன்னு நெத்தியைப் பாத்தாலே தெரியுது. அப்ப முதல்ல இருந்து சொல்லுதேன். சேசு சாவுததுக்கு முந்தின நாள், தன் சீடர் பன்னிரண்டு பேரையும் உக்கார வச்சு, இடுப்புல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு அவ்வளவு பேரு காலையும் கழுவி விட்டாரு. குரு கீழ, சீடப்பயலுவ மேல. அதை நினைச்சு, பெரிய வியாழக்கிழமை பூசையில சாமியாரு ஊர்ல பன்னிரண்டு ஆம்பிளைய உக்கார வச்சுக் காலைக் கழுவுவாரு. பீடத்துக்கு முன்னால பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கும். ஒவ்வொருத்தனுக்கும் நெஞ்சுக்குக் குறுக்க ஒரு சிவப்புப் பட்டை, அதுல சரிகையில சீடர் பேரு. சேசுவைக் காட்டிக்குடுத்த யூதாசு பேரு போட்ட பட்டையைக் கட்ட ஊர்ல எவனும் ஒத்துக்கலை. அதுக்குப் பதிலா மத்தியாஸ்னு போட்டு ஒண்ணு தச்சு வச்சிருக்கோம். முத நாற்காலி ராயப்பருக்கு.

அந்த முத நாற்காலியில எங்க மாமனாருக்குப் பிறவு நான்தான் உக்காந்தேன். சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சு வாரதுன்னு நினைக்காதீங்க. மத்த பதினோரு பேரும் பொம்மை மாதிரி காலைக் குடுத்தாப் போதும். ராயப்பருக்கு மட்டும்தான் நடிப்பு உண்டு, பைபிள்ல அவருதான் காலைக் குடுக்க மாட்டேன்னு நின்னவரு. சாமியாரு தொட வந்ததும் வெடுக்குன்னு காலை இழுத்துக்கிடணும். "என் காலையா, நீங்களா, நான் விடவே மாட்டேன்"னு சொல்லணும். அவரு ரெண்டு வார்த்தை சொன்ன பிறவு, மெதுவா, மனசில்லாம, காலை நீட்டணும். நான் அதுல ஒரு விசும்பலும் சேத்துக்கிடுவேன். அழுகை எனக்கு லேசுல வரும். முன் வரிசையில பொம்பளைய மூக்கைச் சிந்துத சத்தம் கேட்டுச்சுன்னா அந்த வருசம் நல்லா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்.

அதுக்கு முன்னேற்பாடும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாள் நோன்பு இருப்போம்லா, அந்தத் தவசு காலம் ஆரம்பிச்சதுமே நான் வலது காலுக்கு நல்லெண்ணெய் தடவ ஆரம்பிச்சிருவேன். கல்லு வச்சுக் குதிகாலைத் தேச்சு, நகத்தை ஒழுங்கா வெட்டி, வீட்டுக்குள்ளயும் சாக்ஸு. வியாழக்கிழமை சாயங்காலம் சந்தன சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கழுவக் குடுக்கவே போவேன். பன்னிரண்டு பேரும் அப்படித்தான், அழுக்குக் காலோட ஒருத்தனும் வரமாட்டான். சாமியாரு கையில அழுக்குக் காலைக் குடுக்கது மரியாதையா சொல்லுங்க. வலது கால் மட்டும் எதுக்குன்னா, எங்க கோயில்ல வலது கால்தான் கழுவுவாவ. என் வீட்டுக்காரி ரோசம்மா கேப்பா, "ஏங்க, இடது காலுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலையா?" அவளுக்கு எல்லாத்துலயும் நக்கல்.

உங்களுக்கும் சிரிப்பு வருது. சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. நான் வருசம் பூரா ஊர்ப்பய காலைப் பிடிக்கேன் சார். உப்பளத்துல இருந்து வருவான், மீன் மார்க்கெட்டுல இருந்து வருவான், மாட்டுத் தொழுவத்துல இருந்து நேரா வருவான். குனிஞ்சு, காலை எடுத்து என் மடியில வச்சு, இது கடிக்கா, அது கடிக்கான்னு கேட்டு மாட்டி விடுதேன். எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான், செருப்பைத்தான் பாப்பான். வருசத்துல ஒரே ஒரு நாள், ஒருத்தரு குனிஞ்சு என் காலைப் பிடிக்காரு. அந்த ஒரு நாளைக்காவத்தான் மிச்ச நாளு பூரா நான் குனிஞ்சுக்கிட்டு இருக்கேன். இது பெரிய ஆசையா, சொல்லுங்க.

இந்த வருசம் புதுச் சாமியாரு வந்தாரு. ஜெனோ பாதர். சின்ன வயசு, பைக்குல வருவாரு, பிரசங்கம் பத்து நிமிசத்துல முடிஞ்சிரும். அதனாலயே ஊருக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. பெரிய வியாழனுக்கு முந்தி வருத குருத்தோலை ஞாயிறு பூசை முடிஞ்சதும், "சீடத்துவம் ஒண்ணும் பரம்பரைச் சொத்து இல்லை. இந்த வருஷம் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யூதாசு இடத்துக்கு மத்தியாசைக்கூட சீட்டுப் போட்டுத்தானே சேத்தாங்க"ன்னாரு. அது மத்தியாசுக்கு சரி. ராயப்பருக்கு எவன் சார் சீட்டுப் போட்டான்? அவரை ஆண்டவரே பேரு சொல்லிக் கூப்பிட்டாருல்லா. நான் இதைச் சத்தமாவே சொன்னேன். ஒருத்தனும் காதுல வாங்கலை.

ஒரு பிளாஸ்டிக் வாளியில ஊர் ஆம்பிளைய பேரை எல்லாம் போட்டுக் குலுக்கி, பாதர் கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாரு. முத சீட்டு, ராயப்பர். பேரு யாருன்னு நினைக்கிய? சந்தியாகு. என் பொண்டாட்டிக்கு உடன்பிறந்த தம்பி. சரி, மத்த சீடர்ல அந்திரேயாவாவது வரும், யாகப்பராவது வரும்னு மத்தியாஸ் வரைக்கும் நின்னு பாத்தேன். இன்னாசின்னு ஒரு பேரே அந்த வாளியில இருந்து வரலை.

சந்தியாகுவும் நானும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கேட்டா நீங்களே எனக்குத்தான் ஞாயம் சொல்லுவிய. அக்கா புருசன் நான் செருப்புக்கடை வச்சிருக்கேன். இவன் மவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை செருப்புல இருந்து சொந்தக்காரன் செருப்பு வரைக்கும் மொத்தத்தையும் தூத்துக்குடி டவுன்ல போய் எடுத்துட்டு வந்தான். கல்யாணப் பந்தல்ல நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், சுத்தி அவ்வளவு காலுலயும் வேற கடைச் செருப்பு. சோறு இறங்கலை சார் எனக்கு. ரெண்டு தடவைதான் வாங்கிச் சாப்பிட்டேன்.

இதுல பெரிய கூத்து, சந்தியாகு செருப்பே போடமாட்டான். உப்பளத்துல வேலை. பொழுதன்னைக்கும் உப்புத் தண்ணியில நிக்க கால். அவன் காலை ராயப்பர் நாற்காலியில வச்சுப் பாக்கவே எனக்கு முடியலை. அன்னைக்கு ரோசம்மாகிட்ட சொன்னேன், ஆண்டவர் இதை விடமாட்டாருன்னு. விடலை. செவ்வாக்கிழமை உப்பள வரப்புல வழுக்கி விழுந்துட்டான். வலது கால் முறிஞ்சு போச்சு. முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

நான் சந்தோசப்பட்டேன்னு சொல்லாதீங்க. பாவம்னுதான் நினைச்சேன். நினைச்சுக்கிட்டே அடுப்புல எண்ணெயைச் சுட வச்சு வலது காலுக்குத் தடவ ஆரம்பிச்சேன். ரோசம்மா தம்பியப் பாக்க அழுதுக்கிட்டே கிளம்புதா, என் கையில எண்ணெய்க் கிண்ணத்தைப் பாத்தா. கதவைச் சாத்துனா பாருங்க, சுவத்துல மாதா படம் கோணிப் போச்சு.

நேரா சாமியாரு வீட்டுக்குப் போனேன்.

"பாதர், ராயப்பருக்குக் கால் போச்சு."

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. போயிப் பாத்துட்டும் வந்தேன்."

"அப்ப அந்த நாற்காலி?"

"நாற்காலிக்கு என்ன. அவருக்கு இடது கால் இருக்குல்ல?"

"எங்க கோயில்ல காலங்காலமா வலது கால்தான் பாதர்."

"அப்படியா? சேசு எந்தக் காலைக் கழுவினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும், நான் அங்க இருந்தேனா? அவரு அதோட விடலை. "நல்ல நேரத்துல வந்தீங்க. அவரால நடக்க முடியாது. உங்ககிட்டதான் லோடு ஆட்டோ இருக்கு. வியாழக்கிழமை நீங்களே கூட்டிட்டு வந்துருங்க"ன்னாரு. சாமியாரு வாயால சொன்னா முடியாதுன்னு எப்படிச் சொல்லுதது. என் நாற்காலியில உக்காரப் போறவனை, ராயப்பர் காலணியகம்னு எழுதின என் வண்டியிலயே ஏத்திக்கிட்டு வரணும். இந்தக் கொடுமை யாருக்காவது நடந்திருக்கா சார்?

வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். வீட்டுல அவன் தனியா இருக்கான். பொண்டாட்டி செத்து வருசமாச்சு, மவன் மருமவளோட மஸ்கட்ல இருக்கான். கட்டில்ல வெள்ளை வேட்டி கட்டி, பட்டையும் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நான் வாசல்ல நின்னு ஆரன் அடிக்க மாதிரி ரெண்டு தடவை இருமினேன். அவனும் இருமினான். பேச்சுவார்த்தை இல்லைல்லா. சரின்னு உள்ள போனேன். போனதும் என் கண்ணு கீழ போச்சு.

இடது காலைப் பாத்தேன் சார். எத்தனையோ கால் பாத்திருக்கேன், இப்படி ஒரு காலைப் பாக்கலை. குதிகால்ல பித்தவெடிப்பு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் உப்பு காஞ்சு உக்காந்திருக்கு. நகமெல்லாம் கறுத்து வளைஞ்சு போச்சு. விரல் இடுக்குல செவ்வாக்கிழமைச் சேறு அப்படியே இருக்கு. விழுந்த அன்னைக்கு இருந்த சேறு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் நிக்கலை. "ஏல, காலைக் கழுவலியா?"

"குனிய முடியலை அத்தான்"ன்னான். "அக்கா சோறு கொண்டாந்தா. அவகிட்ட காலைக் கழுவச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

நான் இவனுக்காகச் செய்யலை, அதை முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. அந்த நாற்காலிக்காகச் செஞ்சேன். இந்தக் காலைப் பீடத்துக்கு முன்னால ராயப்பர் காலுன்னு தூக்கி வச்சா ஊர் என்ன சொல்லும்? அதுவும் செருப்புக்கடைக்காரன் மச்சினன் கால். நான் பொத்திப் பொத்திக் காப்பாத்துன நாற்காலி சார் அது. அடுப்பைப் பத்த வச்சு வெந்நீ போட்டேன். சட்டையைக் கழத்திப் போட்டுட்டு, அவன் துண்டை எடுத்து என் இடுப்புல கட்டிக்கிட்டு, அகலச் சட்டியைக் கட்டில்கிட்ட தள்ளி வச்சுக் கீழ உக்காந்தேன்.

காலைத் தொடப் போறேன், வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான். "நீங்களா? என் காலையா? வேண்டாம் அத்தான். நான் விட மாட்டேன்"ங்கான். கண்ணுல தண்ணி நிக்கி. பாத்தீங்களா, ஒத்திகை பாக்காமயே எவ்வளவு நல்லா வருதுன்னு. "இதை இங்க செஞ்சு வீணாக்காத, மிச்சம் வச்சுக் கோயில்ல செய்யி"ன்னு சொல்லிக் காலைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்கினேன்.

தேங்கா நாரு போட்டுத் தேச்சேன். கல்லு போட்டுத் தேச்சேன். தண்ணி மாத்தி மாத்தி ஊத்தினேன். வெடிப்புல படும்போது முகத்தைச் சுளிச்சான், சத்தம் காட்டலை. பாதியில அவனா ஆரம்பிச்சான்.

"அத்தான், கல்யாணத்துக்கு உங்க கடையில செருப்பு எடுக்கலைன்னு கோவம்தானே?"

"எந்தச் செருப்பு? யாருக்குக் கல்யாணம்?"ன்னேன்.

"உங்க கடையில எடுத்தா நீங்க என்கிட்ட துட்டு வாங்க மாட்டிய. ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே செருப்பை அள்ளிக் குடுத்துட்டு நீங்க என்ன செய்விய? கடை என்னத்துக்கு ஆவும்? சொன்னா கேக்க மாட்டிய. அதான் சொல்லாமப் போயி எடுத்தேன்."

அதுக்கும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நான் துட்டு வாங்க மாட்டேன்னு இவனா எப்படி முடிவு பண்ணலாம்? வாங்கியிருப்பேன் சார். கணக்கு சொல்லி வாங்கியிருப்பேன். வாங்கியிருப்பேனா? தெரியலை. அந்நேரம் கண்ணுல சோப்பு நுரை பட்டுட்டு, கரிச்சுக்கிட்டுத் தண்ணியா ஊத்துது. "ஏல, ஆடாம காலை வையி"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டு, நகத்தை வெட்டினேன். என் வலது காலுக்குன்னு வச்சிருந்த எண்ணெய்ப் பாட்டில் வண்டியிலதான் கிடந்துச்சு. அதையும் எடுத்துத் தடவி விட்டேன். பிறவு பாத்தா கால் மினுமினுங்கு. கால் நல்ல கால் சார், ஒழுங்கா வச்சிருந்தா ஒம்பதாம் நம்பர் தோல் செருப்புக்கு அப்படியே பொருந்தும்.

நேரம் ஆயிட்டு. சட்டையை அள்ளி மாட்டிக்கிட்டு, அவனை வண்டியில ஏத்தி, கோயில்ல இறக்கி, தோளைக் குடுத்து நாற்காலியில கொண்டு உக்கார வச்சேன். என் நாற்காலியில. நான் ஓரமாத் தூணுகிட்ட நின்னேன். பொம்பளைய பக்கத்துல இருந்து ரோசம்மா என் இடுப்பைக் காட்டிக் காட்டிச் சாடை பண்ணுதா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. பிறவுதான் பாக்கேன், ஈரத் துண்டு இடுப்புலயே கிடக்கு, சொட்டச் சொட்ட. அவிழ்க்கவும் முடியலை, முடிச்சு இறுகிட்டு.

பாதர் முத நாற்காலிகிட்ட வந்து முட்டுக்கால் போட்டாரு. நான் தூணுகிட்ட இருந்து "இழு, காலை இழு"ன்னு வாயைக் குவிச்சுக் காட்டுதேன். சந்தியாகு மரம் மாதிரி உக்காந்து காலைக் குடுத்துட்டான். வசனம் போச்சு, விசும்பல் போச்சு, எல்லாம் போச்சு. பாதர் தண்ணி ஊத்தினாரு. காலைப் பாத்தாரு. சந்தியாகுகிட்ட ஏதோ கேட்டாரு. அந்தப் பய திரும்பி என்னைக் கையைக் காட்டுதான். பாதர் என்னைப் பாத்தாரு, என் இடுப்புத் துண்டைப் பாத்தாரு. கோயில்ல ஈரத் துண்டோட நிக்கானேன்னு கோவமா இருக்கும். எனக்கு மானமே போச்சு.

பூசை முடிஞ்சு நழுவப் பாத்தேன், கூப்பிட்டுட்டாரு. ஊர்க்காரன் எல்லாம் நிக்கான். என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, "அண்ணாச்சி, பன்னிரண்டுல உங்க பேரு இல்லைன்னு வருத்தப்படாதீங்க. சேசு கால் கழுவின அந்த வீட்டுல அன்னைக்குப் பன்னிரண்டு பேரு இல்லை, பதிமூணு பேரு இருந்தாங்க. நீங்க இன்னைக்கு அந்தப் பதிமூணாவது ஆளு."

கேட்டீங்களா சார் பேச்சை? பதிமூணாவது ஆளாம். முத நாற்காலியில இருந்தவன் சார் நான். பன்னிரண்டுக்குள்ளயே இல்லைன்னு தள்ளிட்டு, பதிமூணுல கொண்டு வச்சுட்டாரு. ராசியில்லாத நம்பர் வேற. நான் வீட்டுல போய்ப் பொரிஞ்சு தள்ளினா, ரோசம்மா சிரிக்கா, கண்ணைத் துடைக்கா, திரும்பவும் சிரிக்கா. என்னன்னு கேட்டா, "நீங்க சாப்பிடுங்க"ங்கா. அன்னைக்கு மீன் குழம்பும் கிடையாது, வெறும் கஞ்சி. ஆனாலும் என்னமோ நிறைய ஊத்துனா.

நான் இதைச் சும்மா விடப் போறதில்லை. பிஷப் வீட்டுல நேராச் சொல்லிட்டு வரலாம்னுதான் இப்பத் தூத்துக்குடி போறேன். அடுத்த வருசம் சீட்டு கூடாது, ராயப்பர் நாற்காலி எனக்குத்தான்னு கேட்டுட்டுத்தான் மறுவேலை. அதுக்கு முந்தி ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போவணும். டிரைவருக்குப் பின்னால, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கிட்டு வாயைத் தொறந்து தூங்குதான் பாருங்க ஒருத்தன், அவன்தான் சந்தியாகு. ஆறு வாரம் ஆச்சு, இன்னைக்குக் கட்டுப் பிரிக்கணும். பிரிச்ச பிறவு போட்டுக்கிடுன்னு ஒம்பதாம் நம்பர்ல ஒரு ஜோடி இந்தப் பையில வச்சிருக்கேன். துட்டா? அவன்கிட்ட எங்க சார் துட்டு கேக்க. தினம் கடையடைச்சுட்டுப் போயி அந்த இடது காலுக்கு வெந்நீ ஊத்தி எண்ணெய் போடுததுக்கே எனக்கு நேரம் பத்தலை. குனிய முடியாதவனை என்ன செய்ய? ஒரு நாள் விட்டா வெடிப்பு திரும்பிரும். இதுல பிஷப் வீட்டுக்குப் போவ நேரம் இருக்குமான்னுதான் தெரியலை. போன வாரமும் இப்படித்தான் கிளம்பினேன், எக்ஸ்ரே எடுக்கதுலயே பொழுது போச்சு.

உங்க ஸ்டாப்பு வந்துட்டா? பாத்து எந்திரிங்க. பாத்தீங்களா, நான் சொல்லலை? வார் பிஞ்சுட்டு. இதைப் போட்டுக்கிட்டு எப்படி இறங்குவிய, ரோடு கொதிக்கி. கண்டக்டர் அண்ணாச்சி, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. சார், உக்காருங்க. பையில ஊசியும் நூலும் இருக்கு, ரெண்டு தையல் போட்டா வீடு போய்ச் சேந்துரும். தூசியா இருந்தா இருக்கட்டும், என் மடியிலதானே வைக்கிய. அட, காலை இழுக்காதீங்க சார். அது ராயப்பர் செய்யுத வேலை, அதெல்லாம் உங்களுக்கு வராது. காலைக் குடுங்க.